நாற்பத்தொன்றாம் குடிலின் மழை

பெல்மேர் என்னும் ஊரில், கடற்கரை நெடுக வரிசையாக நிற்கும் மரக்குடில்களில் நாற்பத்தொன்றாம் குடிலுக்குள் மட்டும் மழை பெய்யத் தொடங்கி முப்பத்தொன்பது வருஷம் ஆகியிருந்த ஓர் ஐப்பசி மாதத்தில், புதுச்சேரியிலிருந்து தணிகாசலம் வாத்தியார் ஒரு கறுப்புக் குடையும், ஒரு தோள்பையும், அந்தப் பைக்குள் ஓர் அகராதியும், அந்த அகராதிக்குள் நாற்பது வருஷப் பழைய கடிதம் ஒன்றுமாக ரயிலை விட்டு இறங்கினார். பாரிஸிலிருந்து அவரைக் கூட்டிவந்த தமிழ்ச் சங்கத் தலைவர் ஏழுமலை, குடையைப் பார்த்துச் சிரித்தார். "இத்த எதுக்கு வாத்தியாரே தூக்கினு வந்தீங்க? வெளிய பெய்யாது. உள்ளதான் பெய்யும். உள்ள போவறவன் நனையத்தான் போவான்" என்றார்.

பிரான்சின் வடக்குக் கரையில், கோடைக்குக் குளிக்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. மூன்று பெரிய ஓட்டல்கள், ஒரு சூதாட்ட மண்டபம், கடலை ஒட்டி ஒரு மைல் நீளத்துக்குப் பலகை பாவிய நடைபாதை, அதன் ஓரத்தில் குளிப்பவர்கள் உடை மாற்றிக்கொள்ள ஆள் நிற்கிற அளவில் வெள்ளையடித்த குடில்கள். குடிலை வாடகைக்கு எடுத்தவரின் பெயரைக் கதவில் நீல எழுத்தில் எழுதிவைப்பது அங்கே வழக்கம். நாற்பத்தொன்றாம் குடிலின் கதவில், அந்த ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில், ஞானாதிக்கம் என்று தமிழில் எழுதியிருந்தது.

மழை தொடங்கிய முதல் வருஷம் ஊர் கொஞ்சம் தடுமாறித்தான் போனது. நகராட்சி எஞ்சினியர் வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார், தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தார், குழாய் எதுவும் இல்லை, மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, உள்ளேயோ சோவென்று கொட்டுகிறது. 'காரணம் தெரியாத ஒழுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நனைந்த சட்டையோடு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். கோடை முடிந்ததும் வழக்கம்போல எல்லாக் குடில்களையும் கழற்றிக் கிட்டங்கியில் அடுக்கினார்கள். நாற்பத்தொன்றின் பலகைகள் கிட்டங்கிக்குள்ளேயும் மழையைக் கொட்டி, அடுத்த வருஷத்துக்கு வைத்திருந்த நாற்காலித் துணிகளையெல்லாம் பூஞ்சைபிடிக்க வைத்துவிட்டன. அன்றிலிருந்து அதை மட்டும் கழற்றுவதில்லை. கடல் ஏறுவதும் வடிவதும் எத்தனை மணிக்கு என்று வருஷாவருஷம் நகராட்சி அச்சடிக்கிற அட்டவணையில், ஏற்றம், வடிதல் என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் 'ஞானாவின் மழை' என்று மூன்றாவது பத்தி ஒன்று சேர்ந்துகொண்டது. சித்திரை வைகாசியில் சுத்தமாக இருக்காது, ஆடி ஆவணியில் சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரம், ஐப்பசி கார்த்திகையில் விடாத அடைமழை. இந்தக் கணக்கு ஏன் இப்படி என்று பெல்மேரில் யாரும் கேட்கவில்லை, கடலுக்கு ஒரு கணக்கு இருக்கிறபோது இதற்கும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு பழகிப்போனது. கடலில் குளித்து ஏறிவருகிறவர்கள் உள்ளே ஒரு நிமிஷம் நின்று உப்பையும் மணலையும் போக்கிக்கொண்டு போனார்கள். தூங்காமல் படுத்துகிற கைக்குழந்தைகளைத் தாய்மார்கள் அந்தக் கதவோரம் தூக்கிவந்தார்கள், கூரையில் அடிக்கிற சத்தத்தில் எந்தக் குழந்தையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. பலகைத் தரையில் விழுகிற மழைக்கு எங்கிருந்தோ செம்மண் வாசனை வந்தது. செம்மண்ணைக் கண்ணால் கண்டிராத பெல்மேர்க்காரர்கள் அந்த வாசனையோடு வளர்ந்து, பாரிஸுக்கு வேலைக்குப் போன இடத்தில் அது கிடைக்காமல் ஏங்கினார்கள். கதவில் இருந்த முதல் எழுத்தைச் சிப்பிப் படம் என்று நினைத்த ரொட்டிக்கடைக்காரர், தன் இனிப்பு ரொட்டியின்மேல் சர்க்கரைப் பாகால் 'ஞா' என்று போட்டு விற்றார், அதுவே ஊரின் பலகாரமாகிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் உள்ளே போய் நனைந்து வந்த இடத்தில், மூன்று பேர் மட்டும் நனையாமல் வெளியே வந்திருந்தார்கள்: பத்திரம் எழுதுகிற ஒருவர், ஒரு மருந்துக்கடைக்காரர், பழைய மேயர் ஒருவர். மழை அவர்கள்மேலும் கொட்டத்தான் செய்தது, ஒட்டவில்லை. ஏன் என்று ஊர் கேட்கவில்லை. அவரவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டது. நனையாமல் வந்தவரை உற்றுப்பார்க்கக் கூடாது, மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே ஒரு துவாலையைக் கொடுக்க வேண்டும், அவரும் வாங்கி இல்லாத ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது பெல்மேரின் மரியாதை.

இதில் ஒன்றும் தணிகாசலத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஞானாதிக்கத்தை. இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஒருவர் தமிழ் வாத்தியாராகி 'உப்பங்கழி' என்று ஒரு சிறுபத்திரிகை நடத்தினார். மற்றவர் கதை எழுதினார், அது சோறு போடாததால் கப்பலேறினார். பெல்மேரிலிருந்து மாதம் ஒரு கடிதம் என்று ஞானாதிக்கம் எழுதியனுப்பியவை உப்பங்கழியில் வந்து, பிறகு 'பெல்மேர் கடிதங்கள்' என்று புத்தகமாகி, பள்ளிக்கூடப் பாடமாகவும் ஆனது. முதல் கடிதத்தின் முதல் வரியைப் புதுச்சேரியில் தெரியாதவர்கள் இல்லை. 'பெல்மேரில் எனக்கென்று ஒரு குடில் இருக்கிறது. அதன் கதவில் நீல எழுத்தில் என் பெயர் இருக்கிறது. அதன் நிழலில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடலுக்கும் வேறு வேலை இல்லை, எனக்கும் வேறு வேலை இல்லை.' கல்யாணப் பத்திரிகையில்கூட இதை அச்சடித்தவர்கள் உண்டு.

அந்த வரியை ஞானாதிக்கம் எழுதவில்லை. அகராதிக்குள் இருந்த கடிதத்தில் அவர் எழுதியிருந்தது வேறு. 'தணிகா, இங்கே எனக்குக் குடில்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலையில் மணலைச் சீவி நாற்காலி போடுவேன். சாயங்காலம் கடலிலிருந்து ஏறிவருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவிவிடுவேன். முதல் நாள் கூசியது, இப்போது இல்லை. பெரிய வியாழக்கிழமை நம் மாதாகோயில் சாமியார் வருஷத்துக்கு ஒரு நாள் பன்னிரண்டு பேருக்குச் செய்வதை நான் தினமும் இருநூறு பேருக்குச் செய்கிறேன். காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன், தெரியுமா? அதைத்தான் எழுதப்போகிறேன்.' இதைப் படித்த அன்றைக்குத் தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் பத்திரிகைக்கு எழுதுகிறவன், வெளிநாட்டில் இருக்கும் எழுத்தாளன் என்று தான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறவன், அடுத்தவன் காலைக் கழுவுகிறான் என்று எப்படி அச்சடிப்பது? சிவப்புப் பென்சிலை எடுத்து அத்தனையும் அடித்தார். அடித்த இடத்தில் தன் கையால் அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தார். நன்றாகத்தான் எழுதினார், கெட்டது அதுதான்.

அச்சான இதழை அனுப்பிவைத்தார். 'பத்திரிகை வந்தது, பார்த்தேன்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு வந்த எந்தக் கடிதத்திலும் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடல், காற்று, பறவை, மனிதர்கள், எல்லாம் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறவன் எழுதியது மாதிரியே இருந்தன. சம்மதித்துவிட்டான் என்று தணிகாசலம் எடுத்துக்கொண்டார், அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஞானாதிக்கத்தின் அம்மா இறந்தபோது, கோடை நடுவில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "சுகவாசி, கடலப் பாத்துக்கினு சாஞ்சிருக்கான், பெத்தவ சாவுக்குக்கூட வரல" என்று கல்லறைத் தோட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் தணிகாசலம் அங்கே நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. திறக்காததோடு, யாரோ அவர் முகத்தைப் பார்த்தபோது, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டியும் வைத்தார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எழுபத்தாறு வயதிலும் அவருக்குக் காது சுட்டது.

ஞானாதிக்கம் ஊர் திரும்பாமலே பெல்மேரில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்டார். இப்போது, எழுத்தாளருக்கும் அந்தக் கடற்கரைக்கும் இருந்த தொடர்பையெல்லாம் திரட்டி, நாற்பத்தொன்றாம் குடிலுக்கு முன்னால் அந்தப் புகழ்பெற்ற வரியைப் பொறித்த கல் ஒன்றை வைப்பதென்று தமிழ்ச் சங்கமும் நகராட்சியும் முடிவுசெய்தபோது, திறந்துவைக்க அவருடைய ஆருயிர் நண்பரை அழைக்காமல் வேறு யாரை அழைப்பார்கள்? குடிலின் படத்தை ஏழுமலை அனுப்பியிருந்தார். கதவும் நீல எழுத்தும் அதில் இருந்தன. பொய்யாக எழுதிய கதவு மெய்யாக எப்படி நிற்கிறது என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை, பயமாக இருந்தது. இதற்கிடையில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, மூலக் கடிதங்களைப் பார்க்க வேண்டும் என்று வாரத்துக்கொரு முறை போன் செய்துகொண்டிருந்தாள். நண்பரின் தடம் தேடி வாத்தியார் போகிறார் என்று செய்தித்தாளில் போட்டார்கள். கடிதத்தைக் கொண்டுபோய் அந்தக் கடலிலேயே போட்டுத் தடத்தை அழிக்கப் போகிறார் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில், ஏழுமலை கல்லைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், வாத்தியார் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடலுக்கு நடந்தார். புதுச்சேரிக் கடல் எப்போது போனாலும் போட்ட இடத்தில் இருக்கும். பெல்மேர்க் கடல் அப்படி இல்லை, அது வடிகிற நேரத்தில் ஒரு மைலுக்கு உள்ளே போய்விடும், அட்டவணையைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எதிரே ஈர மணல். தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் நடக்க நடக்கக் கோடும் நடந்தது. கால் மணி நேரம் நடந்தார், அரை மணி நேரம் நடந்தார், கணுக்கால் வரை சேறும் மணலும் அப்பியதுதான் மிச்சம், கடல் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் வரவேயில்லை. மூச்சு வாங்கியது. கடிதத்தை அப்படியே மணலில் போட்டுவிடலாமா என்று பார்த்தார். கிளிஞ்சல் பொறுக்குகிற ஒருவர் தூரத்திலிருந்து கையசைத்தார், பதிலுக்குக் கையசைத்துவிட்டு, திருடப்போய் மாட்டிக்கொண்டவரைப்போலத் திரும்பி நடந்தார்.

மற்ற குடில்களைக் கழற்றிவிட்ட கரையில், தனியாக நின்ற குடிலின் முன்னால் ஒரு ஸ்டூலில் எண்பது வயது மதாம் லெகாம்ப் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் குடில்களுக்குச் சீட்டுக் கிழித்தவள், இப்போது வேலை இல்லாவிட்டாலும் துவாலைக் கூடையோடு நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் தினமும் வந்து உட்காருகிறவள். அவர் காலைப் பார்த்தாள்.

"முசே, அந்தக் காலோடு ஓட்டலுக்குள் விடமாட்டார்கள். உள்ளே போய் நில்லுங்கள். எல்லாரும் அப்படித்தான்" என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு தணிகாசலத்துக்கு இன்னும் காதில் மிச்சமிருந்தது.

சட்டைப்பையில் கடிதம் இருந்தது. நனைந்தால் மை கரைந்துவிடும், கடல் செய்யாததை மழை செய்யட்டும் என்று உள்ளே போனார். கதவைச் சாத்தியதும் புதுச்சேரி ஐப்பசி வந்து நின்றது. தலைக்கு மேலிருந்து கனத்த மழை, செம்மண் வாசனை, எங்கோ ஒரு தவளை, பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேரும் ஒரே வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடிய தெருவின் சாக்கடைச் சத்தம்கூடக் கேட்டது. வாத்தியார் அழுதார். "ஞானா, தப்புதான்டா" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, மனசு லேசாகி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே வந்த பிறகுதான் பார்த்தார். தலைமயிர் வாரினபடியே இருந்தது. சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. கடிதம் மொடமொடவென்று அப்படியே இருந்தது. காலில் அப்பியிருந்த மணல் ஒரு பொட்டுக்கூடக் கரையாமல் காய்ந்து வெளுத்திருந்தது.

மதாம் லெகாம்ப் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஒரு துவாலையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "துடைத்துக்கொள்ளுங்கள், முசே. சளி பிடித்துவிடும்."

அவள் ஏதாவது கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லித் தப்பித்திருப்பார். கேட்காமல் துவாலையை நீட்டினாள். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் மரியாதையாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உலர்ந்த தலையை உலர்ந்த துவாலையால் துடைத்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தைப்போல ஓர் அவமானத்தைத் தணிகாசலம் வாழ்க்கையில் பட்டதில்லை. அப்போது பார்த்து ஏழுமலை வந்துசேர்ந்தார்.

"இன்னா வாத்தியாரே, இன்னும் உள்ள போவலியா?"

"போகல" என்று தலையை ஆட்டினார் வாத்தியார்.

மதாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தலையை ஆட்டிய விதத்தைப் பார்த்தாள். ஏழுமலை போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும், பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.

"நீங்கள்தான் அந்தப் பள்ளிக்கூட ஆசிரியரா?"

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞானா சொல்லியிருக்கிறான். ஒருநாள் தபாலில் வந்த பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் சீட்டு ஜன்னலுக்கு வந்தான். கதவில் இருக்கிற மாதிரி எழுத்து. ஒரு வரியில் விரலை வைத்து, என் சிநேகிதன் இப்படி எழுதியிருக்கிறான் என்று அர்த்தம் சொன்னான். நான் சிரித்துவிட்டேன். உனக்கேது குடில், நீ கால் கழுவுகிறவன் ஆயிற்றே, உன் சிநேகிதன் பொய் சொல்கிறான் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் ஆசிரியர், அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்றான்."

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் துவாலைகளை அடுக்கியபடியே சொன்னாள்.

"நாற்பத்தொன்றுக்கு அப்போது கூரை கிடையாது. யாரும் எடுக்கமாட்டார்கள். அதைத் தனக்கு விடும்படி மேலதிகாரியிடம் கேட்டு வாங்கினான். தகரம் தேடிக் கொண்டுவந்து கூரை போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நீலத்தில் பெயர் எழுதினான். எதற்கடா இத்தனை பாடு என்று கேட்டேன். ஊரிலிருந்து யாராவது வந்து பார்த்தால் குடில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என் சிநேகிதன் பொய்யனாகிவிடுவான் என்றான். அந்த நீலம் காய்ந்த அன்றைக்குத்தான் உள்ளே மழை பிடித்தது."

"அதில் உட்கார்ந்தானா?" என்று கேட்டார் தணிகாசலம். அதையாவது அவள் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"ஒருநாளும் இல்லை. அவனுக்கு நேரம் ஏது? அந்த மழையைப் பிடித்துத்தான் சாகும்வரைக்கும் எல்லாருக்கும் கால் கழுவினான். இதோ இதில்தான்." கூடைக்கு அடியிலிருந்து எனாமல் பெயர்ந்த ஒரு ஜாடியை எடுத்துக் காட்டினாள். "யாராவது வருவார்கள், வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நீங்கள் இப்போதுதான் வருகிறீர்கள்."

மத்தியானம் மூன்று மணிக்கு விழா. பாரிஸிலிருந்து ஒரு பேருந்து நிறையத் தமிழர்கள் வந்திருந்தார்கள், பட்டுப்புடவைமேல் கம்பளிக் கோட்டு, கையில் சமோசாப் பாத்திரம். பெல்மேர்க்காரர்கள் வேலைக்கு நடுவில் வந்து நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். இளம்பெண்ணான மேயர் சுருக்கமாகப் பேசினாள். கல்லை மூடியிருந்த துணியைத் தணிகாசலம் இழுத்தார், கைதட்டினார்கள். அந்த வரியை அவர் வாயால் படிக்க வேண்டும் என்று ஏழுமலை மைக்கை நீட்டினார்.

"பெல்மேரில் எனக்கென்று ஒரு குடில்..." என்று தொடங்கினார். தமிழர் கூட்டம் மொத்தமும் சேர்ந்து சொல்லத் தொடங்கியது. அத்தனை பேருக்கும் மனப்பாடம். அவர் நிறுத்திவிட்டார். அவர்கள் சொல்லி முடித்தார்கள். தன் பொய்யைக் கடல் தாண்டி வந்த இடத்தில் ஐம்பது வாய் ஒன்றாகச் சொல்வதைக் கேட்டபோது, காலடியில் மணல் பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. மணல் பிளக்கவில்லை. அங்கே அதற்கெல்லாம் வழக்கமில்லை.

"இந்த வரி ஞானாதிக்கம் எழுதினதில்ல" என்றார். "நான் எழுதினது. அவன் எழுதினத அடிச்சிட்டு எழுதினது."

சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை ஒரு சொல் விடாமல் படித்தார். சாயங்காலம் கால் கழுவிவிடுவேன் என்கிற இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் மறுபடி உரக்கப் படித்தார். பிறகு தட்டுத்தடுமாறிய பள்ளிக்கூட பிரெஞ்சில் ஊர்க்காரர்களுக்கும் சொன்னார். அம்மா சாவில் தலையாட்டியதையும் சொன்னார். காலையில் நனையாமல் வெளியே வந்ததையும் சொன்னார். அதை மேடையில் சொல்வது பெல்மேரில் இதுவரை நடக்காதது, அதனால் ஊர்க்காரர்கள்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்ப எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணது யாரோடது?" என்றார் ஓர் அம்மாள். "இத்தினி வருசமா எங்கள இன்னா நெனச்சீங்க வாத்தியாரே?" என்று ஒருவர் சத்தம் போட்டார். ஏழுமலை முகம் சிவந்து, மைக்கைப் பிடுங்கியவர், பேச வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"நானு முப்பது வருசம் இங்க தபாலாபீஸ்ல மூட்ட தூக்குனேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஊர்ல நான் போஸ்ட் மாஸ்டர்னு நெனச்சினு கீறாங்க. எங்கம்மா அப்படி நெனச்சினேதான் செத்துச்சு." பட்டுப்புடவைகளுக்கு நடுவில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ஊரில் சொல்லிவைத்திருந்ததை நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

பெல்மேருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மழையையே ஏற்றுக்கொண்ட ஊர். மேயர் கேட்டதெல்லாம், கல் செதுக்கியாகிவிட்டது, இப்போது அதை என்ன செய்வது என்பதுதான். "படுக்கப் போடுங்கள், எழுத்து மேலே தெரிகிற மாதிரி" என்றாள் மதாம் லெகாம்ப். "கால் கழுவிக்கொள்ள ஏறி நிற்க இங்கே ஒரு கல் இல்லாமல் எத்தனை வருஷமாகக் கஷ்டப்படுகிறோம்." நாலு பேர் பிடித்துக் கல்லைக் கதவின் முன்னால் படுக்கப் போட்டார்கள். மதாம் செருப்பைக் கழற்றிவிட்டு, மணல் ஒட்டிய காலோடு ஏறி நின்றுகொண்டாள். பிறகு ஜாடியைத் தணிகாசலத்திடம் நீட்டினாள்.

ஜாடியைக் குடிலுக்குள் நீட்டி மழையைப் பிடித்தார். அவர் கைமேல் விழுந்த மழை காலையில் மாதிரியே ஒட்டாமல் வழிந்தது. நாற்பது வருஷமாகச் சுண்ணாம்புக்கட்டியும் சிவப்புப் பென்சிலும் தவிர வேறெதற்கும் குனிந்திராத முதுகு, முட்டி மடங்க, ஒரு கையைத் தரையில் ஊன்றி, எல்லார் கண்முன்னாலும் குனிந்தது. கூசியது. கூசாமல் இல்லை, நண்பன் எழுதியிருந்ததில் முதல் நாள் கூசியது என்ற இடத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். தண்ணீரை ஊற்றி, மறு கையால் அந்தக் கிழக்காலின் விரலிடுக்கில் இருந்த மணலைத் தேய்த்துவிட்டார். தேய்த்த கையைப் பார்த்தார். நனைந்திருந்தது. அடுத்து ஏழுமலை கல்மேல் ஏறி நின்றார். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவைகளும் ரொட்டிக்கடைக்காரரும் மேயரும் வரிசையில் நின்றார்கள், கடைசி ஆள் இறங்கும்போது கடல் திரும்பி வந்து நடைபாதையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஈரம் பிறகு காயவில்லை. விமானத்தில் காயவில்லை, புதுச்சேரி வெயிலில் காயவில்லை. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சொட்டச் சொட்ட, செம்மண் வாசனையோடு, இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. பேப்பரைத் தொட்டால் ஊறிக் கிழிகிறது என்பதால் சிவப்புப் பென்சிலை அவர் எடுத்து மூன்று வருஷமாகிறது. புத்தகத்தின் புதிய பதிப்புக்கு அந்த ஆராய்ச்சி மாணவிதான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, அடித்ததையெல்லாம் திரும்ப எழுதிச் சேர்த்தாள். தெரு பழகிவிட்டது. பால்காரர் பாக்கெட்டைக் கையில் தராமல் படியில் வைக்கிறார், எதிர்வீட்டு அம்மாள் தன் துளசிச்செடி வாடினால் அவரைக் கூப்பிடுகிறாள்.

ஆனால் ஐப்பசி வந்து, ஊரெல்லாம் நனைகிற மழையில் அவர் குடையில்லாமல் கடைத்தெருவுக்குப் போய்வந்தால், இப்போதும் மணிக்கட்டுக்கு மேலே ஒரு சொட்டு ஒட்டுவதில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடும் சொட்டுகிற கைகளோடும் வாசலில் வந்து நிற்கிறார். மருமகள் முகத்தைப் பார்க்காமல் துவாலையை நீட்டுகிறாள். அவரும் வாங்கித் தலையைத் துடைத்துக்கொள்கிறார். புதிதாக வந்த யாராவது, "கையில இன்னாங்க இவ்ளோ ஈரம்?" என்று கேட்டால், முன்பெல்லாம் சொல்வதற்கு அவருக்கு நூறு அழகான வரிகள் கிடைத்திருக்கும். இப்போது ஒன்றுதான். "கால் கழுவிட்டு வரேன்" என்கிறார்.